ஆயில் என்ஜினில் டீசல் வடிகட்டியை மாற்றுவது எப்படி?

நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆயில் என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுதி இறங்கி நின்றுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் அனுப்பினால் அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். அவர் வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் வெடித்துவிடும். இப்படி நிற்கும் என்ஜின்களில் பல, பெரிய கோளாறு எதனாலும் நிற்பதில்லை. டீசல் வடிகட்டி அடைத்துக்கொண்டதுதான் காரணம். இரண்டு ஸ்பேனரும் ஒரு புது வடிகட்டித் தாளும் இருந்தால் விவசாயிகள் தாங்களே அரை மணி நேரத்தில் இதைச் சரி செய்துகொள்ளலாம்.

டெல்டாப் பகுதியில் 'பில்டர்' என்றதும் பில்டர் பாயிண்ட் என்னும் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுதான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே நாம் குறிப்பிடுவது அதை அல்ல; டீசல் டாங்கிக்கும் டீசல் பம்புக்கும் நடுவில், கிண்ணம்போல் தொங்கிக்கொண்டிருக்கும் சிறிய வடிகட்டியை.

டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மிகவும் அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோல் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்கிறது. அப்படித் தெளிப்பதற்கு, 1500 சுற்று ஓடும் பல என்ஜின்களில் சதுர சென்டி மீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் தேவை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 கிலோவை ஒட்டியதுதான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் வேகம் விளங்கும். இவ்வளவு அழுத்தத்தையும் தாங்குவதற்கு, டீசல் பம்பில் உள்ள பிளஞ்சரும் அது ஓடும் உறையும் மிக நெருக்கமாகக் கடையப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிப்பே சுமார் 70 மைக்ரான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புழுதி அந்த இடைவெளியில் புகுந்தால் உப்புத் தாள்போல் தேய்த்துவிடும். மேலும், பம்புக்கு மசகு எண்ணெயாக வேலை செய்வதும் டீசல்தான். அதில் தண்ணீர் கலந்தால் பிளஞ்சர் துருப்பிடித்து இறுகிவிடும்.

5 குதிரைச் சக்தி என்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கிறது. நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் ஐம்பது நாள் ஓட்டினால் 500 லிட்டர் அந்தச் சிறு தாளின் வழியாகத்தான் போகிறது. அத்தனை லிட்டரில் வந்த அழுக்கும் அங்கேதான் தங்குகிறது.

வடிகட்டிதான் காரணம் என்று அறிவது எப்படி?

சுமை இல்லாமல் நன்றாக ஓடும். பம்பு தண்ணீரை இழுக்கத் தொடங்கியதும் சுற்று குறையும், ஏறி இறங்கும், பிறகு நின்றுவிடும். சற்று நேரம் விட்டுவிட்டுச் சுற்றினால் மறுபடி பிடிக்கும். இவை டீசல் போதுமான அளவு வரவில்லை என்பதற்கு அடையாளங்கள். புகையையும் கவனிக்க வேண்டும். கரும்புகை தள்ளினால் பெரும்பாலும் டீசல் வடிகட்டி காரணமல்ல. காற்று வடிகட்டி அடைப்பு, நாசில் கோளாறு, அதிகச் சுமை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

வடிகட்டியில் கை வைக்கும் முன்பு டாங்கி மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மூடியில் ஒரு சிறு துளை உண்டு. டீசல் இறங்க இறங்க அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைத்துவிட்டால் டீசல் இறங்காது. இந்த விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு பயிற்சி முகாமில் வடிகட்டியை மாற்றிக் காட்டினேன். என்ஜின் பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றது. மீண்டும் எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தபோது, பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "ஐயா, டாங்கி மூடியக் கொஞ்சம் திறந்து பாருங்க" என்றார். திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. மழைக்குப் பயந்து மூடியின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதன் பிறகு நான் எந்த முகாமிலும் மூடியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

மூடி சரியாக இருந்தால், வடிகட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாயை வடிகட்டிப் பக்கமே கழற்றி, டாங்கியின் திருகைத் திறந்து பாருங்கள். தாரையாகக் கொட்டினால் வடிகட்டியில் குறையில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்தால், டாங்கியிலிருந்து வடிகட்டிக்கு வரும் குழாயையும் அதேபோல் கழற்றிப் பார்க்கவும். அங்கே நன்றாக வந்து, வடிகட்டியைத் தாண்டி வரவில்லையென்றால் தாளை மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும் முறை

என்ஜினை நிறுத்தி ஆறவிடவும். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் கூடாது. முதலில் வடிகட்டியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைக்கவும். வெளியில் உள்ள மண் திறக்கும்போது உள்ளே விழுந்தால் வேலை செய்ததன் பயனே கெட்டுவிடும். டாங்கித் திருகை மூடி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, கிண்ணத்தின் அடிப்பகுதித் திருகைத் தளர்த்தி டீசலை வடித்துவிடவும். நடு போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். உள்ளே ஸ்பிரிங், வாஷர், ரப்பர் வளையம் ஆகியவை எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைப் பார்த்து, அதே வரிசையில் ஒரு சுத்தமான தாளின் மேல் அடுக்கி வையுங்கள். வாஷர் ஒன்று மிஞ்சிப்போய், அது எந்த இடத்துக்கு உரியது என்று விழித்துக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் கழுவவும். தண்ணீரும் பெட்ரோலும் ஆகாது. பஞ்சு, நூல் கழிவு கொண்டு துடைத்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு நேராகப் பம்புக்குப் போய்விடும். புதுத் தாளோடு புது ரப்பர் வளையத்தையும் போட்டு, போல்ட்டை அளவாக முறுக்கவும். கசிகிறதே என்று பலங்கொண்டமட்டும் முறுக்கினால் புரி போய்விடும். கசிந்தால் வளையம் சரியாக அமரவில்லை என்று பொருள். சில புதிய என்ஜின்களில் டப்பா முழுவதையும் திருகிக் கழற்றி மாற்றும் வகை உண்டு. அதில் வேலை இன்னும் எளிது.

பழைய தாளை மண்ணெண்ணெயில் அலசித் திரும்பப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. டீசல் தாளின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே போகிறது. அலசும்போது வெளியே இருந்த அழுக்கு உட்புறத்துக்குப் போய், முதலில் பம்புக்குள் நுழைவது அதுவாகவே இருக்கும். தாளும் நைந்துவிடும். கழுவிப் போடக்கூடியது பழைய துணி வகை வடிகட்டி மட்டுமே. அவசரத்துக்கு ஆணியால் தாளில் துளை போட்டு ஓட்டிய ஒரு விவசாயியை எனக்குத் தெரியும். அன்றைக்குத் தண்ணீர் பாய்ந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் பிளஞ்சர், நாசில் இரண்டையும் அவர் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் பல ஆண்டுகளுக்கு வேண்டிய வடிகட்டித் தாள்களை வாங்கியிருக்கலாம்.

காற்றை வெளியேற்றுதல்

தாளை மாற்றிய பிறகு என்ஜின் பிடிக்கவில்லை என்று பலரும் சலித்துக்கொள்வது இந்த வேலையை விட்டுவிடுவதால்தான். டீசல் அழுத்தத்தில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்று இருந்தால் பம்பு அந்தக் காற்றைத்தான் அழுத்திக்கொண்டிருக்கும், நாசில் திறக்காது. ஆகவே டாங்கித் திருகைத் திறந்து, வடிகட்டியின் தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் முறுக்கிவிடுங்கள். அடுத்து பம்பில் உள்ள காற்றுத் திருகிலும் இவ்வாறே செய்க. கடைசியாக நாசில் பக்கத்துக் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, கம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றவும். குமிழி நின்றதும் நட்டை முறுக்கிவிட்டு மறுபடி சுற்றினால் நாசிலில் 'கிரிக், கிரிக்' என்று சத்தம் கேட்கும். இனி என்ஜினைக் கிளப்பலாம்.

ஓர் எச்சரிக்கை. நாசிலைக் கழற்றி வெளியே வைத்துச் சோதிக்கும்போது அதன் முனைக்கு நேராகக் கையையோ முகத்தையோ காட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இராது. பிறகு வீங்கி, விரலையே எடுக்கும் நிலை வரலாம். சிறு காயம்தானே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தாள் சீக்கிரம் அடைத்துக்கொண்டேயிருந்தால் டீசல் வைத்திருக்கும் டிரம்மைப் பாருங்கள். பாதி காலியான டிரம்மில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாகும். டிரம்மை உருட்டி வந்தால் ஒரு நாள் அப்படியே விட்டு, அடியில் தெளிந்ததைத் தொடாமல் மேலிருந்து எடுத்து, நுண்ணிய சல்லடை வைத்த புனலில் ஊற்றவும். துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரத்தில் டீசலைச் சேமிக்க வேண்டாம். துத்தநாகம் டீசலோடு வினை புரிந்து உண்டாகும் பொருள் வடிகட்டியை அடைக்கும். என்ஜின் டாங்கியை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்பிவைப்பது நல்லது.

எத்தனை மணிக்கு ஒரு முறை மாற்றுவது என்பது என்ஜினோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். பொதுவாக 250 முதல் 500 மணி ஓட்டத்துக்குள் மாற்றிவிடலாம்; புழுதி அதிகமுள்ள இடங்களில் முன்னதாகவே மாற்றவும். அடித் திருகைத் தளர்த்தி வாரம் ஒரு முறை தண்ணீரை வடித்துவிட வேண்டும். மாற்றிய தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய தாளைக் கையோடு கொண்டுபோய், அதே அளவில் இரண்டாக வாங்கி வரவும்.