தந்தச் சிம்மாசனமும் தோள் சீலையும்

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் சிறிது தூரம் நடந்தால் கேரள ராஜ்யம் வந்துவிடுகிறது. 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதிக்கு முன் இந்த எல்லைக்கோடு கிடையாது. விளவங்கோடு தாலுகா முழுவதும் திருவிதாங்கூர் ஸமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அந்த ஸமஸ்தானத்து மன்னர்களுள் ஸ்வாதித் திருநாளைச் சங்கீத ரஸிகர் யாவரும் அறிவர். அவருடைய தம்பி உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவை நினைப்பார் சிலரே. ஆயினும் இவ்வூர்ப் பெண்மணிகள் அவரை நினைக்கக் காரணம் உண்டு.

1814-ல் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து, சிற்றன்னை கௌரி பார்வதி பாயின் பராமரிப்பில் வளர்ந்தார். மேல்நாட்டு வைத்தியத்தில் இவருக்கு அபார மோகம். உடற்கூறு பயில எலும்புக்கூடு வேண்டும். மனித எலும்பை அரண்மனைக்குள் கொண்டுவரலாமா? யானைத் தந்தத்திலேயே ஒன்றைச் செய்வித்துக் கொண்டாராம்! தமையனார் 1846 டிஸம்பரில் காலமானதும் பட்டம் இவருக்கு வந்தது. 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்கு இவர் அனுப்பிய தந்தச் சிம்மாசனத்தில் அமர்ந்துதான் விக்டோரியா ராணி பின்னால் சக்கரவர்த்தினிக் கோலத்தில் படம் எடுத்துக் கொண்டார்.

1855-ல் அடிமை முறையை ஒழித்த புகழும் இவருடையதே. ஆனால் அடிமை நீங்கியும் அவமானம் நீங்கவில்லை. நாடார் குலப் பெண்கள் மார்பையும் தோளையும் மறைக்கலாகாது என்ற வழக்கம் இருந்தது. மிஷன் பள்ளிகளில் பயின்ற பெண்கள் ரவிக்கை அணிந்தனர்; அதன்மேல் தோள் சீலையும் போட்டனர். சந்தைகளிலும் சாலைகளிலும் அவை கிழித்தெறியப்பட்டன. 1858-லும் 59-லும் கலகம் முற்றியது. தேவாலயங்களும் வீடுகளும் தீக்கிரையாயின. திவான் மாதவராவ் மகா மேதாவி, நம் கும்பகோணத்தவர். ஆயினும், பழைய வழக்கத்தை மீறலாகாது என்றே அவர் முதலில் விளம்பரம் செய்தார். சென்னை கவர்னர் டிரெவெலியன் கண்டித்து எழுதிய பிறகே மன்னர் மனம் இசைந்தது.

1859 ஜூலை 26-ந் தேதி பிரகடனம் வெளியாயிற்று. நாடார் பெண்கள் ரவிக்கை அணியலாம். முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தலாகாது! உடல் முழுவதையும் அறிய விரும்பிய மன்னரின் கை, ஒரு முழத் துணியை அளந்து அளந்து கொடுத்தது.

மறு வருஷம் ஆகஸ்டில் அவர் காலமானார். மருமகன் ஆயில்யம் திருநாள் 1865-ல் அச்சலுகையை மற்றத் தாழ்த்தப்பட்ட சாதியாருக்கும் விரித்தார். அந்த 'ஆனால்' மட்டும் ஏட்டில் நின்றது. பெண்களோ அதைப் பொருட்படுத்தாமல் தம் விருப்பம்போல் உடுத்தத் தொடங்கிவிட்டார்கள்.