உங்களுக்குத் தெரியுமா? ‘செட்’ படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஆனால் 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற இந்தக் குட்டிச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430-க்கும் மேற்பட்ட பொருள்கள். விளக்கமும் மேற்கோளுமாகச் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம்!

அந்த மகுடம் இப்போது ‘செட்’டிடம் இல்லை. மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையை ‘ஏ’யில் தொடங்காமல் ‘எம்’மில் தொடங்கினார்கள். 2000-இல் ‘மேக்’, 2007-இல் ‘புட்’, 2011-இல் ‘ரன்’ என்று ஒவ்வொன்றாக முந்திக்கொண்டன. ‘ரன்’னுக்கு 645 பொருள்கள். அதற்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார்.

டீ செட்டில் இருக்கும் ‘செட்’ வேறு, சூரியன் ‘செட்’ ஆவது வேறு. முதலாவது ‘செக்டா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்று பொருள். மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ இதற்கு உடன்பிறப்பு. ஆக, “அவன் நம்ம செட்டுப்பா” என்று கல்லூரி நண்பனைச் சொல்பவர் அறியாமலே மூலப்பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இரண்டாவது, ‘உட்காரவை’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினை. அந்தக் கால ஆங்கிலத்தில் சூரியன் மறைவதற்குப் பெயரே ‘இருக்கைக்குப் போதல்’தான். கோழியை முட்டைமேல் உட்கார வைப்பதற்கும் ‘செட்’தான். நம் ஊரிலும் கோழியை அடை வைக்கிறோம், பொழுதும் அடைகிறது!

‘செட்’டுக்கு ஒரே தமிழ்ச் சொல் தேடினால் கிடைக்காது. மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறோம். கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். பாட்டுக்கு மெட்டுப் போடுகிறோம். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறோம். மாமரத்தில் பிஞ்சு பிடிக்கிறது. தயிர் உறைகிறது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ‘செட்’ போதும். நமக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது. இருந்தும் செல்போன் திரையில் ‘அலாரத்தை அமைக்கவும்’ என்று வருகிறது. எந்த வீட்டிலாவது யாராவது அலாரத்தை ‘அமைத்து’விட்டுத் தூங்கப் போயிருக்கிறார்களா? வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

பள்ளிக் கணக்கில் வரும் ‘செட்’டைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ‘கணங்கள்’ என்று படிக்கிறார்கள். அதே பாடம் இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் ‘தொடைகள்’. சிரிக்க வேண்டாம். பூத்தொடுப்பதும், யாப்பில் எதுகை மோனை வரும் தொடையும் இந்த வழிதான். கூட்டமாகப் பார்ப்பதா, கோத்ததாகப் பார்ப்பதா என்பதில்தான் வேறுபாடு. எனக்கென்னவோ இரண்டுமே பிடித்திருக்கிறது.

“சிமென்ட் செட் ஆயிடுச்சு” என்று கொத்தனார் சொன்னால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீரோடு சேர்ந்து வேதிவினை நடந்து இறுகத் தொடங்கியிருக்கிறது. தண்ணீருக்கு அடியிலும் சிமென்ட் இறுகுவது அதனால்தான். இறுகிய பிறகும் நாள்கணக்கில் நீர் ஊற்றுவது அந்த வினை பாதியில் நின்றுவிடாமல் இருக்க.

பேட்ஜர் என்ற விலங்கு மண்ணுக்கடியில் தோண்டும் வளைக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’தான். எழுதும்போது மட்டும் கடைசி எழுத்து இரட்டிக்கும்.

நாமும் சும்மா இருக்கவில்லை. திருவிழாவுக்கு ‘மைக்செட்’ கட்டுகிறோம். கல்யாணத்துக்கு ‘பேண்டு செட்’ பிடிக்கிறோம். பம்பும் மோட்டாரும் சேர்ந்த ஜோடிக்கு வந்த ‘பம்ப்செட்’ என்ற பெயர், கிராமத்தில் தொட்டி, கொட்டகை எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இடத்தின் பெயராகிவிட்டது. “பம்ப்செட்டுல குளிக்கிறான்” என்றால் யாரும் மோட்டாருக்குள் தேட மாட்டார்கள். “எனக்கும் அவருக்கும் செட் ஆகாது” என்றால் ஒத்துப்போகாது. “எல்லாம் செட்டப்பு” என்றால் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம். இது பிற்பாடு இன்னொரு பொருளும் வாங்கிக்கொண்டது. குடும்பப் பத்திரிகை என்பதால் அதை விட்டுவிடலாம்.

டென்னிஸில் ஆறு கேம் ஜெயித்தால், எதிராளியைவிடக் குறைந்தது இரண்டு கூடுதலாக இருந்தால், ஒரு செட். 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாயுவும் மோதிய ஐந்தாவது செட் மட்டும் 8 மணி 11 நிமிடம் நீண்டு, 70-68 என்று இஸ்னருக்குப் போனது. முழு ஆட்டம் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம். 47-47 வந்தபோது மின்னணு ஸ்கோர் பலகை அப்படியே நின்றுவிட்டது. அதற்குமேல் எண்ண வேண்டிவரும் என்று அதை உருவாக்கியவர்கள் நினைக்கவேயில்லை.