தேநீர்க் கோப்பையில் விழுந்த பட்டு

பட்டைக் கண்டுபிடித்தவர் ஒரு சீன அரசி என்கிறது கதை. மண்ணுக்கடியில் கிடைத்த சான்றுகள் வேறு சொல்கின்றன

ஓசூரிலிருந்து அத்திபெலே வழியாகப் பெங்களூருக்குள் நுழையும் தமிழர்களுக்கு ‘சில்க் போர்டு’ என்றால் போக்குவரத்து நெரிசல்தான் நினைவுக்கு வரும். அந்தச் சந்திப்புக்குப் பெயர் தந்தது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியப் பட்டு வாரியம். இந்தப் பக்கம் ஓசூரில், மல்பெரி ரகங்களையும் பட்டுப்புழு இனங்களையும் பாதுகாக்கும் வாரியத்தின் மையம் இருக்கிறது. நடுவே உள்ள அத்திபெலே, பட்டுத் தறிகளுக்குப் பழகிய ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது.

இந்தத் தொழில் பிறந்தது எப்படி? சீனர்கள் சொல்லும் கதை சுவையானது. சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன், மஞ்சள் பேரரசரின் மனைவி லெய்சு மல்பெரி மரத்தடியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். பட்டுக்கூடு ஒன்று கோப்பைக்குள் விழுந்தது. எடுக்கப்போனால் விரலோடு இழை வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

கதையில் தொழில்நுட்பம் சரிதான். இழைகளை ஒட்டவைத்திருக்கும் செரிசின் என்ற பசை சுடுநீரில் இளகும். நல்ல கூட்டில் ஒரே இழை ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இருக்கும். ஆனால் ஒற்றை இழை நெசவுக்கு உதவாது. பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து நூலாக்க வேண்டும். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறுவதற்குள் உள்ளிருக்கும் உயிரைக் கொல்ல வேண்டும். இத்தனையும் ஒரு கோப்பைத் தேநீரில் கற்கக்கூடிய பாடமல்ல.

சீனாவின் ஷான்ஷி மாநிலத்தில் 1926இல் தொல்லியலாளர் லி ஜி, வெட்டப்பட்ட பட்டுக்கூடு ஒன்றைக் கண்டெடுத்தார். கிடைத்த இடம் புதிய கற்காலக் குடியிருப்பு. அரசியின் காலத்துக்கும் முந்தையது. ஹரப்பாவிலும் சன்ஹுதாரோவிலும் கிடைத்த இழைகள் 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய பட்டு என்று 2009இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவை காட்டு அந்துப்பூச்சிகளின் பட்டு. சீனாவிலிருந்து கற்காமலே சிந்துவெளி மக்கள் பட்டை அறிந்திருக்கலாம்.

மைசூர்ச் சீமையில் இதை ஊன்றியவர் 18ஆம் நூற்றாண்டில் திப்பு சுல்தான். பின்னர் ஜாம்ஷெட்ஜி டாடா பெங்களூரில் பண்ணை அமைத்து ஜப்பானிய முறைகளைக் கொண்டுவந்தார்.

அரசிக்கும் சுல்தானுக்கும் தொழிலதிபருக்கும் வரலாற்றில் இடம் உண்டு. வெந்நீரில் இழையின் நுனி தேடியவர்களுக்கு இல்லை. தானியங்கி இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் சிறிய நூற்புக்கூடங்களில் இன்றும் அந்த வேலையைக் கைகளே செய்கின்றன. அவற்றில் பல, பெண்களின் கைகள். கொப்புளமும் தோல் நோயும் அவர்களுக்குப் புதிதல்ல. லெய்சுவின் கதையில் விரல் சுட்டதாக எங்கும் சொல்லப்படவில்லை.