வெட்டுவதற்கென்றே எடுத்த பாட்டு

1943-இல் எம்.ஜி.எம். படநிறுவனம் வெளியிட்ட 'தௌசண்ட்ஸ் சியர்' கலகலப்பான காதல் படம். பட்டாளத்துக்காரராக ஜீன் கெல்லி, கர்னலின் மகளாக கேத்ரின் கிரேசன். கடைசியில் படைவீரர்களுக்காக ஒரு கலைநிகழ்ச்சி நடக்கிறது. அதில் லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகி வருகிறார், பாடுகிறார், போய்விடுகிறார். கதைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த ஒட்டாமைதான் சூட்சுமம். நிறவெறி கோலோச்சிய அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஊருக்கு ஊர் தணிக்கை இருந்தது. மெம்பிஸ் நகரத் தணிக்கையாளர் லாயிட் பின்ஃபோர்டு, 1945-இல் 'ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தையே தடைசெய்தார். எடி ஆண்டர்சன் என்ற கறுப்பின நடிகர் அதில் வெள்ளையரோடு சகஜமாகப் பழகினாராம்! இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான், தோரணத்திலிருந்து ஒரு மாவிலையை மட்டும் உருவுவதுபோல, ஹார்னின் காட்சியை மட்டும் உருவ வசதி செய்துவைத்தார்கள்.

உருவுவது லேசான காரியமல்ல. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். நொடிக்கு 24 ஓடும். மூன்று நிமிடப் பாட்டு என்றால் 270 அடி. ஓரத்தில் மெல்லிய கோடாக ஓடுவது ஒலித்தடம், அதாவது ஒளியால் பதித்த ஓசை. ப்ரொஜெக்டரில் படம் நின்று நின்று நகர வேண்டும். ஓசையோ தடங்கலில்லாமல் ஓட வேண்டும். அதனால் இரண்டையும் வெவ்வேறு இடங்களில் படிக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் உரிய ஓசை 20 படங்கள் முன்தள்ளிப் பதிவாகியிருக்கும்.

விளைவைப் பாருங்கள். படத்தைப் பார்த்துக் கச்சிதமாக வெட்டினால், பாட்டின் தொடக்கத்தில் முக்கால் நொடிக்குச் சற்று மேலான சத்தம் முந்தைய காட்சியோடு தங்கிவிடும். அடுத்த காட்சியின் தொடக்கத்தில் அதே அளவு சத்தம் பறிபோகும். பாட்டுக்கு முன்னும் பின்னும் கைதட்டல் இருந்துவிட்டால் காது ஏமாந்துவிடும். மேடைப் பாட்டு இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பிறகு வெட்டிய விளிம்பைச் சுரண்டிப் பசை தடவி ஒட்டுவார்கள். ஒட்டு ஒலித்தடத்தில் 'டப்' என்று கேட்காமலிருக்க அதன்மேல் கறுப்பு மையைச் சாய்வாகப் பூசுவார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் ஒருவரை இல்லாமலாக்கத்தான் என்பது வயிற்றெரிச்சல்.

அவரை நாயகியாக்க வழியில்லையா? 1930-இல் எழுதி, 1934 முதல் கறாராக அமல்படுத்திய ஹாலிவுட் தயாரிப்பு விதிகள் கறுப்பர்–வெள்ளையர் காதலைத் திரையில் காட்டவே கூடாது என்றன. 1946-இல் ஒரு படத்தில் 'ஷோ போட்' நாடகத்தின் ஜூலியாக ஹார்ன் ஒரு பாட்டுப் பாடினார். ஜூலி கலப்பினப் பெண். 1951-இல் அந்த நாடகத்தையே எம்.ஜி.எம். முழுப் படமாக எடுத்தபோது வேடம் வெள்ளையரான ஆவா கார்ட்னருக்குப் போனது. பாடும் குரலும் கார்ட்னருடையதல்ல, ஆனெட் வாரனுடையது.

கலப்புக் காதல் தடையை 1956-இல் விதிகளிலிருந்து நீக்கினார்கள். அதே ஆண்டு வந்த எம்.ஜி.எம்.மின் காதல் நகைச்சுவைப் படம் 'மீட் மீ இன் லாஸ் வேகஸ்'. அதிலும் ஹார்ன் இருக்கிறார்: விருந்தினராக, ஒரே ஒரு பாட்டுக்கு.