சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் ‘என்’ எண் என்ன சொல்கிறது?

வீடு கட்டும் முன் எடுத்த சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். ‘மண் எவ்வளவு எடை தாங்கும்’ என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அதே ரிப்போர்ட்டில் ‘என்’ என்று ஒரு எண் வரிசை இருக்கும். நிலநடுக்கம் வந்தால் உங்கள் மனையின் மண் என்ன ஆகும் என்பதற்கு முதல் தடயம் அதுதான்.

மண் திரவமாகுமா?

ஆகும். தளர்வான மணலில் நிலத்தடி நீர் நிறைந்திருக்கும்போது பூமி குலுங்கினால், மணல் துகள்கள் நெருங்கப் பார்க்கும். தண்ணீர் வெளியேற நேரம் இருக்காது. அழுத்தம் ஏறும், துகள்களின் பிடி விட்டுப்போகும். கெட்டித் தரை குழம்பு மாதிரி ஆகிவிடும். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமல் அப்படியே சாய்ந்தன. குறை கட்டடத்தில் இல்லை, அடியில் இருந்த மணலில்.

எண் எப்படி வருகிறது?

போர் போட்ட குழிக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வைத்து அடிப்பார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவையோ, அதுதான் ‘என்’. மணலில் அடி குறைந்தால் தளர்வு, கூடினால் இறுக்கம்.

அதை வைத்து ஆபத்தை எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் சீட், இட்ரிஸ் என்ற பொறியாளர்கள் 1971-ல் இதற்கு ஒரு எளிய கணக்குமுறையைத் தந்தார்கள். நிலநடுக்கம் கண்ட ஊர்களில் மண் திரவமான இடம், ஆகாத இடம் இரண்டின் எண்களையும் குலுக்கலின் வலிமையோடு சேர்த்து வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். நடுவில் ஒரு கோடு. உங்கள் எண் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதே கேள்வி. ஆனால் சில புள்ளிகள் கோடு தாண்டியும் விழும். அதனால் இது உத்தரவாதம் இல்லை, வாய்ப்புக் கணக்கு.

நீங்கள் என்ன கேட்கணும்?

2002-ல் திருத்திய நில அதிர்வு வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. எனவே கடலோர, ஆற்றோர மணல் மனை என்றால் இவற்றைக் கேளுங்க:

* நிலத்தடி நீர் எந்த ஆழத்தில்? மழைக்காலத்தில் எவ்வளவு ஏறும்?
* ஒவ்வொரு ஆழத்திலும் மண் மணலா, களியா? மணலுக்கான கோட்டைக் களிமண்ணுக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது.
* சுத்தியலின் ஆற்றல், மேல் மண்ணின் பாரம் ஆகியவற்றுக்கு எண்ணைத் திருத்தினார்களா? திருத்திய எண் 30-ஐத் தாண்டிய சுத்தமான மணல் பொதுவாகத் திரவமாகாது.

எண் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். மணலை அதிர்த்து இறுக்கலாம், உறுதியான அடுக்கு வரை பைல் இறக்கலாம். ஆனால் அதை அஸ்திவாரம் போடும் முன்பே முடிவு செய்யணும். அடுத்த முறை அந்த ரிப்போர்ட்டைத் திறந்தால், ‘என்’ இருக்கும் பக்கத்தையும் ஒருமுறை பாருங்க.