பாத்திரம் கழுவ ஏன் மூன்று மணி நேரம்?

வீட்டு உபயோகப் பொருட்களுக்கான கடன் குறித்துக் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களுடன் உரையாடுகையில், பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பற்றி ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுவதைக் காண்கிறோம். "கையால் கழுவினால் அரை மணியில் முடிகிற வேலை. இதற்கு மூன்று மணி நேரம் ஆகுமாமே, உண்மையா?" உண்மைதான். 'ஈக்கோ' என்று குறிக்கப்படும் சிக்கன முறைக்கு இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் அடிப்பிடித்த கறையும் உள்ள பாத்திரங்களுக்கான மிகைவெப்ப முறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அரை மணியில் முடியும் விரைவு முறையும் உண்டு. அதன் வரம்பைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டில் இவ்வியந்திரம் பரவலாகப் பேசப்பட்டது 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போதுதான். வீட்டுப் பணியாளர்கள் வர இயலாத அந்த மாதங்களில் விற்பனை திடீரென உயர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இதன்மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருப்பதால், இதுவரை தயங்கியவர்களும் இப்போது விலை விசாரிக்கின்றனர். வாங்கியபின் "இத்தனை நேரமா!" என்று சலித்து, சில மாதங்களில் அதைப் பாத்திரம் அடுக்கும் அலமாரியாக மாற்றிவிடும் குடும்பங்களும் உண்டு. இயந்திரம் ஓய்ந்துவிடும், தவணை ஓயாது. ஆகவே, அந்த மூன்று மணி நேரம் எதற்காகச் செலவாகிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னரே அறிந்துகொள்வது நல்லது.

நேரமெல்லாம் தண்ணீரைச் சூடாக்குவதிலேயே போகிறது என்று பலர் கருதுகின்றனர். ஒரு சிறு கணக்கு இக்கருத்தைத் திருத்திவிடும். ஒருமுறை நிரப்பும்போது இயந்திரம் எடுக்கும் நீர் ஏறத்தாழ 4 லிட்டர் என்று கொள்வோம். அதனை 25 பாகை செல்சியஸிலிருந்து 50 பாகைக்கு உயர்த்த 0.12 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவான மின்சாரமே தேவை. 2 கிலோவாட் வெப்பமூட்டி இதனை மூன்றரை நிமிடத்தில் செய்துவிடும். பாத்திரங்களும் எஃகு உட்சுவரும் சேர்ந்து சூடாக வேண்டியிருப்பதால் காலம் இருமடங்கானாலும், டில்லியின் சனவரி மாதக் குளிர்நீருக்காக இன்னும் சில நிமிடங்களைக் கூட்டிக்கொண்டாலும், மூன்று மணி நேரத்துக்குக் கணக்குச் சரியாகவில்லை. மீதி நேரம் ஊறவும், தெளிக்கவும், உலரவும் செலவாகிறது.

முதலில் குளிர்ந்த நீரில் ஓர் அலசல். அடுத்து டிடர்ஜென்ட் கலந்த வெந்நீர் பாத்திரங்களின்மீது தெளிக்கப்படும் முதன்மைக் கழுவல். மிக நீண்ட பகுதி இதுவே. நீரைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பல இயந்திரங்கள் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் மாறி மாறியே நீரைச் செலுத்துகின்றன. ஒரு தட்டு நனையும்போது மற்றொன்று ஊறுகிறது. பின்னர் இடையலசல், அதன்பின் சூடான இறுதியலசல், முடிவில் உலர்த்தல். உலர்த்தும்போது இயந்திரம் ஏறக்குறைய ஓசையின்றி இருக்கும். சூடான பாத்திரங்களிலிருந்து எழும் ஆவி, குளிர்ந்த உட்சுவரில் படிந்து வழிந்து வெளியேறுகிறது. நின்றுவிட்டதோ என்று ஐயுற்று இந்நேரத்தில் கதவைத் திறப்பவர்கள் ஈரப் பாத்திரங்களையே காண்பர். பிளாஸ்டிக் பெட்டிகள் மட்டும் எப்போதும் ஈரமாகவே இருக்கும். எஃகையும் பீங்கானையும்போல் அவை வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை.

ஊறுவதற்கு ஏன் இத்தனை நேரம் என்பதற்கான விடையை ஜெர்மனியின் ஹெங்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959ஆம் ஆண்டிலேயே தந்துவிட்டார். துணியோ, பாத்திரமோ, தரையோ, எதைத் தூய்மைப்படுத்துவதாயினும் அதற்கு நான்கு காரணிகள் தேவை: வேதிப்பொருள், விசை, வெப்பம், காலம். நான்கும் ஒரு வட்டத்தின் துண்டுகள். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ கூட்டி வட்டத்தை நிரப்பியாக வேண்டும். வணிகவியல் பயின்ற எங்களுக்கு இது ஐந்தொகைபோல் தோன்றுகிறது. ஒரு பக்கம் கழித்தது மறுபக்கம் வந்தே தீரும். கையால் தேய்ப்பவர் மிகுதியான விசையைச் செலுத்துகிறார். எனவே குளிர்நீரும் குறைந்த நேரமும் போதுமாகின்றன. இயந்திரத்துக்குத் தேய்க்கத் தெரியாது. அது தெளிக்க மட்டுமே செய்யும். சிக்கன முறையில் வெப்பமும் நீரும் குறைக்கப்படுகின்றன. எஞ்சியிருப்பது காலம், பற்றாக்குறை முழுவதும் அதன் கணக்கில் எழுதப்படுகிறது.

உணவகங்களில் இதே வேலை இரண்டொரு நிமிடங்களில் முடிகிறதே என்று கேட்கலாம். அங்குள்ள இயந்திரம் நான்கு காரணிகளையும் வேறு விகிதத்தில் கலக்கிறது. கொதிநிலையை நெருங்கும் நீர் எந்நேரமும் தயாராக இருக்கும். வெப்பநீரால் கிருமி நீக்கும் இயந்திரங்களில் இறுதியலசலே 82 பாகையளவில் நிகழும். வீட்டில் கையாளத் தகாத கடுங்காரம், அதற்கேற்ற பெரிய மின்னிணைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வைப்பதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் வழித்து அலசித் தர ஓர் ஆள். உலர்த்தும் வேலையும் அதற்கில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1893இல் சிகாகோ கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தபோதும், வாங்க முன்வந்தவை விடுதிகளும் உணவகங்களுமே. அத்தனை வெந்நீர் அக்கால வீடுகளில் இல்லை.

டிடர்ஜென்ட்டின் மாற்றமும் நேரத்தை நீட்டியிருக்கிறது. முன்பு பாஸ்பேட் உப்புகள் பெருமளவு சேர்க்கப்பட்டன. அவை கழிவுநீருடன் ஏரிகளையும் ஆறுகளையும் அடைந்து பாசியை வளர்த்தமையால், ஐரோப்பிய ஒன்றியம் 2017 சனவரி முதல் வீட்டு இயந்திரங்களுக்கான டிடர்ஜென்ட்டில் அவற்றின் அளவை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இன்று அவ்வேலையின் பெரும்பங்கை என்சைம் எனப்படும் நொதிகள் செய்கின்றன. சோற்றுப் பருக்கையின் மாவுச்சத்தை ஒரு நொதி அறுக்கிறது. பருப்பு, பால், முட்டை ஆகியவற்றின் புரதத்தை மற்றொன்று. மிதமான சூட்டில், நிதானமாக, இவை நன்கு வேலை செய்யும். மிகுந்த வெப்பத்தில் செயலிழக்கும். சிக்கன முறை 50 பாகையளவில் நீண்ட நேரம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காய்ந்து ஒட்டிய சோற்றைப் பொறுத்தவரை, 70 பாகையில் ஒரு மணி நேரத்தைவிட 50 பாகையில் இரண்டு மணி நேரமே மேல் என்பது எங்கள் கருத்து. அடிப்பிடித்த எண்ணெய் வாணலிக்கு மட்டும் அந்த 70 பாகை வேண்டும்.

இந்நேரப் பிரச்சினை அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 2013 முதல் அங்கே வழக்கமான அளவுள்ள இயந்திரம் ஒரு முறைக்கு 5 காலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டருக்கு மேல் நீர் பயன்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு 307 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் கூடாது. இதனால் கழுவும் நேரம் நீண்டுவிட்டதென 2018இல் ஒரு முறையீடு எழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் இயந்திரங்களுக்குத் தனிப் பிரிவு 2020இல் உருவாக்கப்பட்டு, 2022இல் நீக்கப்பட்டது. அந்நீக்கம் முறையாக ஆராயப்படாதது என்று 2024 சனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நேரம் நீண்டதால் மக்கள் முன்கூட்டியே அலசுவதும் மறுமுறை ஓட்டுவதும் கையால் கழுவுவதுமாக இருந்தால் சேமிப்பு எங்கே என்பது அத்தீர்ப்பு எழுப்பிய கேள்வி. ஐரோப்பியர் வேறு வழி கண்டனர். 2021 மார்ச் முதல் அங்கு ஒட்டப்படும் ஆற்றல் முத்திரையில், சிக்கன முறைக்கு எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்பதும் அச்சிடப்பட வேண்டும். வாங்குபவர் அறிந்தே வாங்கட்டும் என்ற இந்த ஏற்பாடு எங்களுக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. நம் கடைகளில் விற்பனையாளரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பெறுவதற்கு எந்தத் தடையுமில்லை.

இனிச் செலவுக் கணக்கு. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் நடந்த புகழ்பெற்ற ஆய்வொன்றில், 12 பேருக்கான பாத்திரங்களைக் கையால் கழுவச் சராசரியாக 103 லிட்டர் நீரும், 2.5 யூனிட் ஆற்றலும், 79 நிமிடங்களும் செலவாயின. விளம்பரங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் இக்கணக்கை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்தலாகாது. ஐரோப்பியர் வெந்நீரில் கழுவுகின்றனர். நாம் குழாய் நீரில் கழுவுகிறோம். எனவே நீர் சேமிப்பு நமக்கும் உண்டு; மின்சாரமோ நமக்குக் கூடுதல் செலவே. சிக்கன முறைக்கு 0.9 யூனிட், மிகைவெப்ப முறைக்கு 1.4 யூனிட், ஒரு யூனிட் 8 ரூபாய் என்று எடுத்துக்காட்டாகக் கொண்டால், இரண்டுக்குமான வேறுபாடு நாளொன்றுக்கு 4 ரூபாய், ஆண்டுக்கு 1,460 ரூபாய். டிடர்ஜென்ட் வில்லையின் விலை பெரும்பாலும் இந்த மின்செலவைவிட அதிகம். மாதச் செலவைக் கணக்கிடுவோர் தவணையோடு இதனையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எங்கள் பார்வையில், இந்தியக் குடும்பத்தைத் தடுமாற வைப்பது நேரத்தைவிடப் பாத்திரங்களின் எண்ணிக்கையே. காலையில் பயன்படுத்திய குக்கரும் வாணலியும் பகலுணவுக்கும் வேண்டும். அவை மூன்று மணி நேரம் உள்ளே இருந்தால் சமையல் நிற்கும். வணிகத்தில் சரக்குச் சுழற்சி மெதுவாக இருந்தால் இருப்பை உயர்த்தியாக வேண்டும், இங்கும் அப்படியே. இரண்டு வேளைச் சமையலுக்குப் போதுமான பாத்திரங்கள் உள்ள வீட்டில் மூன்று மணி நேரம் ஒரு பொருட்டன்று. ஒரே குக்கர் உள்ள வீட்டில் அது பெருஞ்சுமை. பல வீடுகளில் குக்கரும் வாணலியும் அலுமினியத்தாலானவை. இயந்திரத்தின் காரநீரில் அலுமினியம் கறுத்துப்போகும். வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் மரக்கரண்டியும் உள்ளே போகக் கூடாதவை. ஆக, வாங்கும் செலவில் சில எஃகுப் பாத்திரங்களின் விலையையும் சேர்த்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. மனிதர் செலவிடும் நேரமோ, அடுக்கப் பத்து நிமிடம், எடுத்து வைக்கப் பத்து நிமிடம். இடைப்பட்ட மூன்று மணி நேரம் இயந்திரத்தினுடையது.

அரை மணி விரைவு முறை தேநீர்க் கோப்பைகளுக்கும், உண்டவுடன் வைத்த தட்டுகளுக்கும் ஏற்றது. பெரும்பாலும் அதில் உலர்த்தல் இராது. காய்ந்த குழம்புப் பாத்திரத்தை அதில் இட்டு, கறை போகவில்லையென்று மறுமுறை ஓட்டுவது இருமுறைச் செலவு. 'ஆட்டோ' முறையில் கழுவுநீரின் கலங்கலை ஓர் உணரி ஒளியால் அளந்து நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ அமைக்கிறது. திரையில் காட்டும் நிமிடங்கள் இடையில் மாறுவது பழுதன்று.

நீரின் கடினத்தன்மையும் நேரத்தோடு தொடர்புடையது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் அடுக்ககங்களில் நீர் கடினமாக இருப்பது வழக்கம். இயந்திரத்தினுள் இருக்கும் பிசின்மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்து நீரை மென்மையாக்கும். அம்மணிகளைப் புதுப்பிக்கவே உப்பு ஊற்றுகிறோம். புதுப்பிப்பு நடக்கும் நாளில் சில நிமிடங்கள் கூடுதலாகும். சமையல் உப்பு இதற்கு ஆகாது. இதற்கென விற்கப்படும் கல்லுப்பையே இட வேண்டும்.

மூன்று மணி நேரம் என்பது மின்தடைக்கும் இடம் தரும் நேரம். பெரும்பாலான இயந்திரங்கள் மின்சாரம் மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வீட்டு இன்வெர்ட்டர் 2 கிலோவாட் வெப்பமூட்டியைத் தாங்காது. அந்த இணைப்பில் இதைச் சேர்க்காதிருப்பதே பாதுகாப்பு. நேரத்துக்கேற்ற மின்கட்டணம் குறித்த 2023ஆம் ஆண்டு மத்திய விதிகள், 2025 ஏப்ரல் முதல் வேளாண்மை நீங்கலான பிற நுகர்வோரையும் அம்முறைக்குள் கொணர வழிசெய்கின்றன. மாநில ஆணையங்கள் வகுக்கும் சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிட 20 விழுக்காடேனும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவ்விதி. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டு, தம் மாநிலத்தில் இம்முறை நடைமுறைக்கு வந்துள்ளவர்கள், தாமதத் தொடக்க வசதியைக் கொண்டு பகல் பத்து மணிக்குமேல் இயந்திரத்தை ஓடவிடலாம். அந்நேரம் வீட்டில் ஆளில்லையெனில், நீர்க்கசிவு ஏற்பட்டால் தானாகவே குழாயை அடைக்கும் பாதுகாப்பு அமைப்பு தம் இயந்திரத்தில் உள்ளதா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.