ஆறாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி? சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்ற பேச்சு, கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் செங்கல்பட்டிலும் நம் வீடுகளில் ஏப்ரல் மாதமே தொடங்கிவிடும். பெரும்பாலும் அது தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா என்பதோடு முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளிதான் என்று ஆன பிறகு, "எல்லாம் ஒன்றுதானே, பக்கத்தில் இருப்பதில் போடுங்கள்" என்று விட்டுவிடுகிறோம். எல்லாம் ஒன்றல்ல.

ஆறாம் வகுப்புக்கு நம் முன் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, 1 முதல் 8 வரை உள்ள நடுநிலைப் பள்ளி. கிராமப்புறத்தில் இது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியாக இருக்கும். மற்றொன்று, ஆறாம் வகுப்பில் தொடங்கி 10 வரையோ 12 வரையோ செல்லும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி. கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம் போன்ற ஊர்களில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. இரண்டு வகையிலும் பாடநூல் ஒன்றே, கட்டணமும் இல்லை.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். ஆறாம் வகுப்பு என்பது கணக்கு தொடங்கும் ஆண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத இடஒதுக்கீடும், அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு விரிந்த அதே ஒதுக்கீடும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. ஒன்றிய நடுநிலைப் பள்ளியும் நகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் சேராது. நம் சமுதாய நிறுவனங்கள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளும் அப்படித்தான். "எட்டு வரை தனியாரில் படிக்கட்டும், ஒன்பதில் மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இந்த உரிமையை இழக்கிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, பிறகு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோதும் 6 முதல் 12 வரை என்பதே அளவுகோல். பத்தாம் வகுப்பில் விழித்துக்கொண்டு இதைச் சரிசெய்ய முடியாது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். நாம் முதலில் கேட்பது தேர்ச்சி விகிதம். மேல்நிலைப் பள்ளி வாசலில் பத்தாம் வகுப்பு முடிவைப் பெரிய பேனராகக் கட்டியிருப்பார்கள். நடுநிலைப் பள்ளிக்கு அப்படி ஒன்று கிடையாது. எட்டு வரை யாரையும் தோல்வியடையச் செய்வதில்லை, பொதுத் தேர்வும் இல்லை. அதனால் பேனர் இல்லாத பள்ளி மட்டமாகத் தெரிகிறது. ஆனால் பத்தாம் வகுப்பின் முடிவு, அதே பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாது. பொதுத் தேர்வு வகுப்புகளுக்கு முதலிடம் கொடுத்து, சிறிய வகுப்புகளைப் பின்னுக்குத் தள்ளும் வழக்கம் பெரிய பள்ளிகளில் இல்லாமல் இல்லை.

ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் போதாது. 6 முதல் 8 வரைக்குப் பட்டதாரி ஆசிரியர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பாடத்துக்கு என்று கேட்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, இந்த மூன்று வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்று பிரிவுக்கும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். ஒரு நடுநிலைப் பள்ளியில் 240 பிள்ளைகள், 8 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பதுக்கு ஒருவர், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களில் ஆறு பேர் தொடக்க வகுப்புக்கான இடைநிலை ஆசிரியர்கள் என்றால், மேல் மூன்று வகுப்புகளுக்கு மிஞ்சுவது இரண்டே பேர். ஏதோ ஒரு பாடம் அந்தரத்தில் நிற்கும்.

இந்த எண்ணிக்கைகளில் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. அந்த இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை விவரம் வரும். அது பழைய ஆண்டின் கணக்காக இருக்கலாம். இடையில் யாராவது மாறுதலாகிப் போயிருக்கலாம். ஆகவே நேரில் ஒருமுறை போய்க் கேட்பதே நல்லது.

எட்டாம் வகுப்பில் உண்மையான அளவுகோல் ஒன்று இருக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசு, உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வென்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். "கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேரை எழுத வைத்தீர்கள், எத்தனை பேர் வென்றார்கள்?" என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். சின்னப் பள்ளியில் ஒருவர் வென்றிருந்தாலும், அதற்காக ஓர் ஆசிரியர் கூடுதல் நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். முழிக்கிறார்கள் என்றால் அதுவும் பதில்தான்.

ஆங்கில வழியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேர்ப்பதும் நம்மிடம் அதிகம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பணி என்றால், 2020 திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வரை தமிழில் படித்த பிள்ளையை ஆறில் மாற்றினால் அது அங்கேயே அறுந்துவிடும். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து மாற்றுவோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தூரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் சுமார் ஆறு கிலோமீட்டர், உப்பளங்களை ஒட்டிய சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடப்பது பெரியவர்களுக்கே சிரமம். பஸ் பாஸ் இலவசம். ஆனால் மாலை பஸ் தாமதமானால் மக்தப் வகுப்பு போய்விடும் என்ற கவலையும் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்தால், நல்ல ஆசிரியர்கள் இருக்கும் பட்சத்தில் 11 வயதுப் பெண்ணுக்கு ஊரிலுள்ள நடுநிலைப் பள்ளியே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஒரு நிபந்தனை உண்டு: எட்டு முடிந்ததும் ஒன்பதுக்கு எங்கே, யாருடன், எந்தப் பஸ்ஸில் என்பதை ஆறில் சேர்க்கும்போதே குடும்பம் பேசி வைத்திருக்க வேண்டும். பேசாத வீடுகளில் "எட்டு வரை போதும்" என்ற முடிவு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதோடு 7.5 சதவீதமும் மாதம் ஆயிரமும் போய்விடும்.

நேரில் போகும்போது பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று தாய்மார்கள் உள்ளே போய்ப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எந்த மாதம்வரை திருத்தியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

சேர்த்த பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கேட்கலாம். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் வீட்டுப் பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் போவது குறைவு. குழுவின் தீர்மானத்தை நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், அங்கே அசையாவிட்டால் செங்கல்பட்டில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்பலாம். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நகலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.